மே மாத வாத்தும் டிசம்பர் வாத்தும்

அன்புள்ள ஐயா,

ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் எட்டு வருடமாக இருக்கிறேன். வடக்கு டகோடா நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துத்தான் பறவை பார்க்கவே ஆரம்பித்தேன். என்னோடு வேலை செய்பவர் ஒருவர் மூன்றாம் தலைமுறை வாத்து வேட்டைக்காரர். போன டிசம்பரில் அவரோடும் அவர் அப்பாவோடும் இங்கே ஆர்கன்சாவிலேயே இருக்கும் ஸ்டட்கார்ட் ஊர்ப் பக்கம், தண்ணீர் தேங்கிய காட்டுக்குள் மூன்று விடியற்காலைகள் போனேன். நான் சுடவில்லை, ஃப்ளாஸ்க் தூக்கினேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு வாத்து சுட அனுமதி. மூன்று நாளும் சேர்த்து எல்லோருக்கும் கிடைத்தது ஐந்து.

"3 கோடியே 40 லட்சம் வாத்து இருக்குன்னு அரசாங்கம் சொல்லுது. எங்கே? லைசென்ஸ் விக்கறதுக்காகக் கூட்டிப் போடறாங்க" என்கிறார் நண்பர். அவர் அப்பா இன்னும் ஒரு படி மேலே: "ப்ளேன்ல போறவன் ஒரு வாத்தைப் பாத்தா ரெண்டுன்னு எழுதறான்." நாற்பது வருடம் தண்ணீரில் நின்ற மனிதர், சும்மா சொல்வாரா என்றும் இருக்கிறது. கணக்கை நம்புவதா, அவர் கண்ணை நம்புவதா? சுட்ட வாத்தின் சிறகை அனுப்பச் சொல்லி வரும் கவர்களை அவர்கள் ஷெட்டில் பார்த்தேன். உள்ளே ஆணி போட்டு வைத்திருக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரியவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது சரி. குட்டையில் தனியாக நிற்கும் ஆண் மல்லார்டை, அதாவது பச்சைத் தலைக் காட்டு வாத்தை, பார்த்தால் கணக்கில் இரண்டு என்றுதான் ஏறும். இது திருட்டுத்தனம் இல்லை, ஒவ்வொரு மே மாதமும் விமானத்தில் பறந்து எடுக்கும் அரசுக் கணக்கெடுப்பின் எழுதப்பட்ட விதி. ஏன் அப்படி ஒரு விதி என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஃபார்கோவில் வேலையிலிருந்தபோது ஒரு மே மாதக் காலையில், ஜேம்ஸ்டவுன் போகும் வழியில் சாலையோரக் குட்டை ஒன்றின் பக்கம் காரை நிறுத்தினேன். நம் ஊர்க் கோயில் குளத்தில் பாதி இருக்கும். நடுவில் ஒரே ஒரு ஆண் மல்லார்ட், பச்சைத் தலை வெயிலில் மின்ன, வேலைவெட்டி இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. பைனாகுலரை வைத்துக் கரை முழுக்கத் துழாவினேன். பெட்டை இல்லை. கொண்டுபோன இட்லியைத் தின்று முடித்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தண்ணீரிலிருந்து நூறடி தள்ளி, போன வருடத்துக் காய்ந்த புல்லுக்குள்ளிருந்து பெட்டை எழும்பி வந்து ஆணின் பக்கத்தில் இறங்கியது. பஸ் ஸ்டாண்டில் டிபன் சாப்பிடுகிறவர்போல அவசர அவசரமாக மேய்ந்துவிட்டு அதே புல்லுக்குள் போய் மறைந்தது. அந்தப் புல்லைத்தான் நான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவன் கதியே இது. கணக்கெடுக்கும் விமானம் சுமார் 150 அடி உயரத்தில், மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. ஓட்டுபவரும் பறவையியலாளர்தான். அவர் ஒரு பக்கமும் கூட இருப்பவர் மறுபக்கமும், ஆளுக்கு 200 மீட்டர் அகலப் பட்டையில் கண்ணில் படும் வாத்துகளை இனம் சொல்லிக் குரலில் பதிவு செய்துகொண்டே போகிறார்கள். அந்தக் குட்டையைக் கடக்க ஓரிரு நொடி. அடைகாக்கும் பெட்டை அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மே மாதத்தில் ஆண் தனியாகக் காவல் நின்றால் பெட்டை பக்கத்தில் முட்டை மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆகவே ஒன்றை இரண்டாக்குகிறார்கள். இரண்டு, மூன்று, நான்கு ஆண்கள் கூடி நின்றாலும் அப்படியே. ஐந்து, ஆறு என்று கும்பலானால் இரட்டிப்பது கிடையாது. ஸ்காப் என்ற முக்குளிக்கும் வாத்தில் ஆண்களே அதிகம் என்பதால் அதன் தனி ஆணை ஒன்றாகவே எழுதுகிறார்கள். பெரியவர் நினைப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகிற விஷயம் இல்லை.

இரட்டித்த பிறகும் மேலிருந்து தெரிவது குறைவுதான். அதனால் பறந்த பட்டைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் தரைக்குழு ஒன்று குட்டை குட்டையாக நடந்து எண்ணுகிறது. மேலிருந்து 10 தெரிந்த இடத்தில் கீழே 25 இருந்தால் அந்த இனத்துக்கு இரண்டரை மடங்கு என்று வரும் (எண்கள் புரிவதற்காக நான் போட்டவை). 1955 முதல் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையும் கனடாவின் வனவிலங்குத் துறையும் மாநிலங்களும் சேர்ந்து, டகோடாக்களிலிருந்து சஸ்காட்செவன், மனிடோபா வழியாக அலாஸ்கா வரை இதைச் செய்கின்றன. 2020, 2021 இரண்டு வருடம் கோவிட்டால் நடக்கவில்லை. கூடுதல் குறைவு எவ்வளவு இருக்கலாம் என்பதையும் எண்ணோடு சேர்த்தே அச்சிடுகிறார்கள். செய்தித்தாளுக்கு வரும்போது அது உதிர்ந்துபோகிறது.

இப்போது நண்பரின் 3 கோடியே 40 லட்சம். அது பல இன வாத்தும் சேர்ந்த தொகை. ஆர்கன்சாவில் கழுத்தளவு குளிரில் மரத்தில் சாய்ந்து நிற்பவர் ப்ளூவிங் டீல் என்ற சின்ன வாத்துக்காக நிற்பதில்லை. டீல் செப்டம்பரிலேயே தெற்கே கிளம்பிவிடும், டிசம்பரில் பெரும்பாலும் மெக்சிகோவிலோ அதற்கும் தெற்கிலோ இருக்கும். அவர் நிற்பது மல்லார்டுக்காக. அதே அறிக்கையில் மல்லார்ட் வரியை எடுத்துப் பாருங்கள். 2015ல் 1 கோடியே 16 லட்சம். 2023ல் 61 லட்சம், முப்பது வருடத்தில் இல்லாத தாழ்வு. அடுத்த இரண்டு வருடமும் 66 லட்சத்தை ஒட்டியே நின்றுவிட்டது. பத்து வருடத்தில் பாதியை நெருங்கும் சரிவு. உங்கள் நண்பர் பொய் என்று தள்ளும் காகிதம் அவர் பக்கம்தான் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் தலைப்போடு நிறுத்திக்கொண்டுவிட்டார். லைசென்ஸ் விற்க எண்ணைக் கூட்டுகிறவன் 61 லட்சம் என்று ஏன் அச்சிடப்போகிறான்?

அடுத்தது, மே மாதக் கணக்கில் குஞ்சு கிடையாது. அது கூடு கட்ட வந்திருக்கும் பெரிய பறவைகளின் எண்ணிக்கை. வேட்டைக்காரர் டிசம்பரில் எதிர்பார்ப்பதோ அந்தக் கோடையில் பொரித்த குஞ்சுகளை. வேட்டைக்காரர் மிதக்கவிடும் பொம்மை வாத்தைப் பார்த்து, அவர் ஊதும் வாத்துக் குரல் ஊதலைக் கேட்டு, யோசிக்காமல் வந்து இறங்குவது அவைதான். ஐந்து குளிர்காலம் துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்த பறவை மரங்களுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, தண்ணீரில் பொம்மை அசைகிற விதம் பிடிக்காமல் போய்விடும். ப்ரெய்ரி என்கிற வடக்குப் புல்வெளியில் குட்டைகள் காய்ந்த வருடம் பெட்டைகள் பல கூடே கட்டுவதில்லை. நரியோ ஸ்கங்கோ முட்டையைத் தின்றால் மறுபடி இடுவதும் இல்லை. அப்படிப்பட்ட வருடத்தில் வானத்தில் நூறு வாத்து போனாலும் உங்கள் பக்கம் வந்து இறங்குவது நாலுதான். 2021ல் ப்ரெய்ரியில் விழுந்த வறட்சியின் மிச்சம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மூன்றாவது வானிலை. இதற்கு 2015ஐவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த மே மாதம் மொத்த வாத்து 4 கோடியே 95 லட்சம். கணக்கு தொடங்கியதிலிருந்து அதுதான் உச்சம். அந்த டிசம்பரோ அமெரிக்காவில் அதுவரை பதிவானதிலேயே வெப்பமான டிசம்பர். மல்லார்ட் நாள்காட்டி பார்த்துக் கிளம்பும் பறவை இல்லை. அறுத்த சோள வயலில் தானியம் இருந்து, பனி அதை மூடாமல், ஏரி உறையாமல் இருந்தால் அயோவாவிலும் மிசௌரியிலும் சௌகரியமாக உட்கார்ந்துவிடும். போதாததற்கு மாதக் கடைசியில் மிசிசிப்பியிலும் துணை நதிகளிலும் பெருவெள்ளம். வயல், காடு, பள்ளம் எல்லாம் தண்ணீர். ஓர் ஏரியில் பத்தாயிரம் கூட வேண்டிய பறவை பத்தாயிரம் இடத்தில் ஒவ்வொன்றாகச் சிதறிவிடும். நல்ல மழை வருடத்தில் நம் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் "இந்த வருஷம் பறவையே இல்லை" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதேதான்.

உங்கள் மாநில வேட்டை, மீன்பிடி ஆணையம் குளிர்காலத்தில் டெல்டா எனப்படும் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளி மேல் தனியாகப் பறந்து எண்ணி, எந்தப் பக்கம் அடர்த்தி என்று வரைபடமும் போடுகிறது. டிசம்பர் கேள்விக்கு டிசம்பர் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். மேயில் கனடாவில் எடுத்ததை வைத்துக்கொண்டு ஸ்டட்கார்ட் மரத்தடியில் வாத்தைத் தேடினால் கோபம்தான் வரும்.

அரசுத் தரப்பிலும் எனக்குக் குறை உண்டு. ஒரு நாளைக்கு ஆறு, சீசன் அறுபது நாள் என்ற தாராள விதி உங்கள் பறவைப் பாதையில் (மிசிசிப்பியை ஒட்டிய வலசைப் பாதை) 1990களின் பிற்பாதியிலிருந்து மாறவே இல்லை. 2015ன் 4 கோடியே 95 லட்சத்துக்கும் ஆறு, 2023ன் 3 கோடியே 23 லட்சத்துக்கும் ஆறு. சுடுவதால் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது, தண்ணீரும் புல்லும்தான் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது பெரும்பாலும் சரி என்றே படுகிறது. ஆனால் எண் ஏறினாலும் இறங்கினாலும் அனுமதி மாறாது என்றால், எண்ணை எதற்குப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாதாரண மனிதன் கேட்பான். ஊசிவால் வாத்து விஷயம் இன்னும் மோசம். 1956ல் ஒரு கோடிக்கு மேல் இருந்தது. 2022ல் 18 லட்சத்துக்கும் கீழே போய் வரலாற்றுத் தாழ்வைத் தொட்டது. அதன் பிறகு பெரிதாக ஏறவும் இல்லை. 2025-26 சீசனில் அதன் அனுமதியை ஒன்றிலிருந்து மூன்றாக்கினார்கள்! புதிய கணிப்பு முறையில் நியாயம் இருக்கிறது. அறுத்த வயலின் தாளுக்குள் கூடு கட்டி, வசந்த உழவில் முட்டையைப் பறிகொடுக்கும் பறவை அது. அதை வேட்டை அழிக்கவில்லை, கலப்பை அழித்தது. ஆனாலும் இதைப் பொறுமையாக விளக்காமல் எண்ணை மட்டும் அறிவித்தால் ஷெட்டில் உட்கார்ந்திருப்பவர் வேறு அர்த்தம்தான் எடுத்துக்கொள்வார்.

பெரியவரின் கண்ணுக்கும் ஒரு மரியாதை உண்டு. விமானத்துக்குத் தெரியாததை அவர் பார்த்திருக்கிறார். வேட்டைக்காகச் சீக்கிரமே தண்ணீர் கட்டி, நெடுநாள் தேக்கி வைத்ததில் ஆர்கன்சாவின் பொதுக் காடுகளில் செவ்வோக் மரங்கள் பட்டுப்போயின. மல்லார்ட் தின்னும் கொட்டையைப் போடுவது அந்த மரம். ஆணையம் சில இடங்களில் தண்ணீர் கட்டுவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தபோது எதிர்ப்பும் வந்தது. அவரோடு போகும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். எந்த மரம் எந்த வருடம் காய்ந்தது என்பதுவரை சொல்லக்கூடும். அது எந்த மே மாத அறிக்கையிலும் இல்லாத தகவல்.

கடைசியாக அந்த ஆணி கவர். உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே கோபப்படுத்தியது அதுதான். வாத்துக் கணக்கு என்பதே வேட்டைக்காரர்களிடமிருந்து பிறந்தது. சுட்ட பறவையின் காலில் ஆய்வாளர்கள் போட்ட வளையம் இருந்தால் அவர்கள் தபாலில் தெரிவித்தார்கள். அதை வைத்து 1930ல் ஃப்ரெடெரிக் லிங்கன் ஒரு சின்ன விகிதக் கணக்குப் போட்டார். வளையம் போட்டவற்றில் பத்தில் ஒன்று சுடப்பட்டிருந்தால், நாட்டில் சுடப்பட்ட மொத்தத்தைப் பத்தால் பெருக்கினால் இருப்பு தெரிந்துவிடும். அந்த வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சிறகுக் கவரும் அதே வகை. ஆயிரக்கணக்கான வேட்டைக்காரர்கள் ஒவ்வொரு வாத்திலும் ஒரு சிறகை வெட்டி, தபால்செலவு இல்லாத கவரில் போட்டு அனுப்புகிறார்கள். சீசன் முடிந்ததும் ஒவ்வொரு பறவைப் பாதைக்கும் ஓரிடத்தில் பறவையியலாளர்கள் கூடி, நீள மேசைகளில் சிறகுகளைக் குவித்துவைத்து ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கிறார்கள். என்ன இனம், ஆணா பெண்ணா, இந்த வருடக் குஞ்சா பெரியதா என்று தீர்ப்பது அங்கேதான். பெரிய பறவைக்குக் குஞ்சு எத்தனை என்ற விகிதத்துக்கு விமானத்தைவிட அந்தச் சிறகுகள்தான் ஆதாரம். வாத்தெல்லாம் எங்கே என்ற நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் அவர் ஆணி போட்டு வைத்திருக்கும் கவரில் போயிருக்க வேண்டியது.

அடுத்த தடவை போகும்போது ஃப்ளாஸ்க்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விழுந்த வாத்தின் வாலை விசிறிபோல விரித்துப் பாருங்கள். முதிர்ந்த பறவையின் வால் இறகு நுனி முழுசாக இருக்கும். இந்த வருடக் குஞ்சுக்கு, வால் இறகு இன்னும் மாறாமல் இருந்தால், நுனியில் ஆங்கில வீ எழுத்துபோல ஒரு வெட்டு இருக்கும். குஞ்சுத் தூவி ஒட்டியிருந்து உடைந்து போன இடம் அது. அந்த ஐந்தில் எத்தனைக்கு வெட்டு இருந்தது என்று நண்பருக்கு ஞாபகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.