முழங்கால் ஒன்று சொல்கிறது, முதுகு ஒன்று சொல்கிறது: எந்த கோல்ஃப் ஸ்விங் எனக்கு?

கேள்வி: எனக்கு வயது 57. கெடாவில் பீடோங் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். சிறு வயதில் தோட்டத்துக் கிளப்பின் ஒன்பது குழி மைதானத்தில் துரைமாருக்குப் பை தூக்கியிருக்கிறேன். பிறகு பால்மரம் வெட்டினேன், செம்பனைக் குலை அறுத்தேன், கடைசியில் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை. இப்போது ஓய்வு. மகன் பழைய கோல்ஃப் செட் ஒன்று வாங்கித் தந்தான். வாரம் இரண்டு நாள் ஆடுகிறேன். வலது கைக்காரன். பல வருடங்களுக்கு முன் மோட்டாரிலிருந்து விழுந்து இடது முழங்காலில் தசைநார் கிழிந்தது, ஆபரேஷன் செய்யவில்லை. இறக்கத்தில் இறங்கும்போது சில சமயம் கால் பிசகும். முதுகில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவில் தட்டு பிதுங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். ஆடிய மறுநாள் காலையில் முதுகு நிமிராது. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு உண்டு. எடை 82 கிலோ. ஆடப் போகும் முன் பொன்ஸ்டான் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வேன். டைகர் வுட்ஸ் மாதிரி இடது குதிகாலை ஊன்றி அடி என்கிறார் ஒரு நண்பர். குதிகாலைத் தூக்கு என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் இடது கை ஆட்டத்துக்கே மாறிவிடு என்கிறார். யார் சொல்வது சரி? இல்லை, விட்டுவிடுவதுதான் நல்லதா?

பதில்: விட வேண்டாம், ஐயா. இனிப்பு நீரும் கொதிப்பும் உள்ள ஒருவர் வாரம் இரண்டு நாள் புல்வெளியில் இரண்டு மணி நேரம் நடக்கிறார் என்றால் அதை நிறுத்தச் சொல்ல எந்த மருத்துவருக்கும் மனம் வராது. ஆனால் இப்போது அடிக்கும் விதத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். குதிகாலைத் தூக்கச் சொன்ன நண்பர் பக்கம்தான் நான். ஏன் என்பதைச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் நாளைக்கு நாலாவது நண்பர் வந்து ஒன்று சொன்னாலும் குழப்பம் வராது.

பந்தை அடிக்க உடம்பு திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் எங்கிருந்தாவது வர வேண்டும். போட்டி ஆட்டக்காரர்கள் பின்வீச்சில், அதாவது அடிக்கும் முன் மட்டையைப் பின்னால் தூக்கும்போது, தோளை ஏறக்குறைய 90 டிகிரி திருப்புகிறார்கள். கீழ் முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்தாலும் ஒரு பக்கத்துக்கு 10, 15 டிகிரிக்கு மேல் திரும்பாது. அவை குனிந்து நிமிர அமைந்தவை. மீதித் திருப்பத்தைக் கொடுக்க வேண்டியவை விலாப் பகுதியும், தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டும். அந்த மூட்டு இறுகிப் போனவர் தோளை முழுக்கத் திருப்ப முயன்றால், மூட்டு கொடுக்காததை முதுகுத் தட்டிலிருந்து பிடுங்குகிறார். கந்துவட்டி மாதிரி, வசூல் மறுநாள் காலையில்.

உங்கள் முதல் நண்பர் சொல்வது கடந்த சில பத்தாண்டுகளில் பரவிய பாணி. இடுப்பைக் கட்டி வைத்துத் தோளை மட்டும் திருப்பி, முறுக்கிய முறுக்கை ஏறக்குறைய கால் நொடியில் அவிழ்த்துவிடுவது. தூரம் கிடைக்கும், மறுக்கவில்லை. அந்தக் கால் நொடியில் கீழ் முதுகின் மேல் உடல் எடையைப் போல எட்டு மடங்கு வரை அழுத்தம் ஏறுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். முழங்கால் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே உணர்கருவி பொருத்திய செயற்கை முழங்கால்களை வைத்து அளந்தபோது, முன் காலில், அதாவது வலது கைக்காரருக்கு இடது காலில், உடல் எடையின் நான்கு மடங்கைத் தாண்டிய சுமை தெரிந்தது. உங்கள் 82 கிலோவுக்கு அது 300 கிலோவுக்கும் மேல், அதுவும் முறுக்கோடு.

நண்பர் காட்டும் டைகர் வுட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 யு.எஸ். ஓப்பனை அவர் வென்றது இடது முழங்காலில் கிழிந்த தசைநாரோடும் விரிசல் விட்ட கால் எலும்போடும். பிறகு முதுகிலும் பலமுறை கத்தி வைக்க வேண்டி வந்து, 2017-இல் கீழ் முதுகின் எலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை செய்துகொண்டார். அதற்குப் பின் 2019-இல் மாஸ்டர்ஸ் வென்றார் என்பது அவருடைய பெருமை. அவரைச் சுற்றி ஒரு மருத்துவப் படையே இருந்தது. நமக்கு இருப்பது கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கும் ஒரு டப்பா தைலமும்.

ஸ்விங்கைத் தொடும் முன் ஒரு வேலை இருக்கிறது. இறக்கத்தில் கால் பிசகுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். வலிப்பது வேறு, பிசகுவது வேறு. கிழிந்த தசைநார் முழங்காலைப் பிடித்து வைக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். ஒவ்வொரு முறை பிசகும்போதும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கொஞ்சம் நசுங்குகிறது. கிளினிக் கெசிஹாத்தானில் 1 ரிங்கிட் கொடுத்துப் பதிந்து, எலும்பு மருத்துவருக்கும் பிசியோதெரபிக்கும் கடிதம் கேளுங்கள். இந்த வயதில் எல்லாருக்கும் அறுவை சொல்ல மாட்டார்கள்; தொடைத் தசையைப் பலப்படுத்தினாலே பலருக்குப் பிசகல் குறைகிறது. அதுவரை தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, சிறு அடிகளும், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கும் மட்டும் ஆடுங்கள். முழங்கால் மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் அதுவும் வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. நாற்காலியில் முழங்காலை மடக்கி நிமிர்ந்து உட்காருங்கள். தொடை நகராமல், பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக விலக்கிப் பாருங்கள். விந்தையாக இருக்கும், பாதம் வெளியே போகும்போது இடுப்பு மூட்டு உள்பக்கம் திரும்புகிறது. கோல்ஃபுக்கு வேண்டியது இந்தத் திருப்பம்தான்: பின்வீச்சில் வலது மூட்டில், அடிக்கும்போது இடது மூட்டில். தரையில் சம்மணம் போட்டு வாழையிலையில் சாப்பிடுகிறேனே, எனக்கு மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் என்னிடம் சொல்வார்கள். சம்மணம் காட்டுவது எதிர்ப்பக்கத் திருப்பத்தை. அதில் கெட்டிக்காரராக இருப்பவர் இதில் பாதிகூடத் தேறாமல் இருக்கலாம். இடது பாதம் வலதைவிடக் குறைவாக விலகினால், உங்கள் முதுகு வலிக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. அடுத்து, அதே நாற்காலியில் மார்பின் குறுக்கே கைகளைக் கட்டி இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். பாதி வழியிலேயே நின்றுவிட்டால் விலாப் பகுதியும் இறுகியிருக்கிறது.

இப்போது நிஜமான சிக்கல். உங்கள் முதுகு கேட்பது இடுப்பு தாராளமாகத் திரும்ப வேண்டும் என்று. இடது முழங்கால் கேட்பது ஊன்றிய காலின் மேல் உடம்பு திரும்பக் கூடாது என்று. இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த வேண்டும். முதுகை மட்டும் பார்த்துச் சொல்பவர் முழங்காலைக் கெடுப்பார், முழங்காலை மட்டும் பார்ப்பவர் முதுகைக் கெடுப்பார். உங்கள் நண்பர்கள் மோதிக்கொள்வதும் அதனால்தான்.

வழி பாதத்தில் தொடங்குகிறது. நிற்கும்போதே இடது பாதத்தின் விரல்களை இலக்கை நோக்கி 30 டிகிரி அளவுக்கு வெளியே திருப்பி வையுங்கள். இடது இடுப்பு மூட்டு திரும்ப வேண்டிய தூரம் குறையும், முழங்காலில் விழும் முறுக்கும் குறையும். ஒரே மாற்றத்தில் இரண்டு பேருக்கும் நிம்மதி. வலது பாதத்தையும் சற்று வெளியே திருப்பலாம். பின்வீச்சில் இடது குதிகால் தானாக எழும்பட்டும். முழங்கால் உள்ளே சாயும், அப்போது எடை வலது காலில் இருப்பதால் அதற்குச் சுமை இல்லை. இடுப்பும் தோளும் சேர்ந்தே திரும்பும், தட்டு நடுவில் மாட்டிக்கொள்ளாது. இதைக் கிழவர்கள் ஆட்டம் என்று யாராவது கேலி செய்தால், ஜாக் நிக்லாஸ் இடது குதிகாலைத் தூக்கித்தான் மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் பதினெட்டுப் பட்டங்களை வென்றார் என்று சொல்லுங்கள். குதிகாலைத் திரும்ப இறக்கும்போது மட்டும் தரையை மிதிக்காதீர்கள், மெதுவாகப் படியட்டும்.

பின்வீச்சு முக்கால் போதும், கை தோள் உயரத்துக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள். நீளக் கம்பு பிடித்துக் குலை அறுத்த தோளுக்கும் இது நல்லது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் போவது சாதாரணம். தூரம் குறையும். 7-ஆம் எண் அயன் (இரும்பு மட்டை) அடித்த இடத்தில், இன்னும் தூரம் போகும் 6-ஐ எடுங்கள், அவ்வளவுதான். நீள அயன்களைக் கொடுத்துவிட்டு, அடிக்கச் சுலபமான ஹைப்ரிட் மட்டை வாங்கச் சொல்லி மகனிடம் கேட்கலாம். இரும்புத் தண்டைவிட கிராஃபைட் தண்டு லேசு, கையில் அதிர்வும் குறைவு.

பந்து போன பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். பத்திரிகைப் படங்களில் வரும் மாதிரி இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து நிற்கக் கூடாது. பிதுங்கிய தட்டுக்கு அருகில் உள்ள மூட்டுகளை அது நசுக்கும்; முழங்கால் எல்லா முறுக்கையும் ஒரு காலில் நின்று வாங்கும். அடித்த வேகத்தோடு வலது காலை எடுத்து முன்னே ஓர் எட்டு வைத்துவிடுங்கள். பழைய சாம்பியன் கேரி பிளேயர் இப்படித்தான் பந்தின் பின்னாலேயே நடந்து போவார். உடம்பு முழுவதும் திரும்பிவிடுவதால் முறுக்கு இடது முழங்காலில் தங்காது, முதுகும் நிமிர்ந்தே இருக்கும். முதலில் பந்து இல்லாமல் வீட்டு வாசலில் பழகுங்கள். ஒரு மாதம் பந்து கண்ட திசையில் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆணி வைத்த காலணி வேண்டாம். பாதம் சற்று வழுக்கித் திரும்பினால் முழங்கால் தப்பிக்கும். ஆனால் மழை பெய்து புல் ஈரமாக இருக்கும் நாளில் அந்த வழுக்கலே விழ வைத்துவிடும், அன்று பட்டிங்கோடு நிறுத்துங்கள்.

மறுநாள் முதுகு நிமிராததற்கு ஸ்விங் மட்டும் காரணமாக இருக்காது என்பது என் சந்தேகம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறீர்களா? சிறு வயதில் அடுத்தவர் பையைத் தூக்கியது போதும், தள்ளுவண்டி வாங்குங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது முதுகுக்கு நல்லது. குழியிலிருந்து பந்தை எடுக்க, பட்டிங் மட்டையை ஊன்றி, வலது காலில் நின்று, இடது காலைப் பின்னால் நீட்டிக் குனியுங்கள். பிசகும் காலில் நின்று குனியாதீர்கள். பயிற்சித் திடலில் வாளி நிறையப் பந்து வாங்கி ரப்பர் விரிப்பின் மேல் மளமளவென்று அடிப்பது ஒன்பது குழி ஆடுவதைவிட மோசமானது. இன்னொன்று: இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது தட்டு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதும் முறுக்குவதும் அதற்கு ஆகாது. விடியும் முன்பே பால் வெட்டப் போன உங்களுக்குச் சீக்கிரம் எழுவது புதிதில்லை. எழுந்து நடமாடி, பசியாறிவிட்டு, மைதானத்தில் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிய பிறகே முதல் பந்து.

பொன்ஸ்டானை நிறுத்துங்கள். இதில் பேரம் இல்லை. அந்த வகை மாத்திரைகள் ரத்தக் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்பு நீரால் ஏற்கெனவே சிறுநீரகத்துக்கு ஆபத்து உள்ளவர் அதை விழுங்கிவிட்டு வெயிலில் வியர்த்து நடப்பது பெரிய தவறு. வலியை முன்கூட்டியே அமுக்கிவிட்டால், எந்த அடியில் முதுகு முறையிட்டது என்பதும் உங்களுக்குத் தெரியாது. தேவைப்பட்டால் பாராசிட்டமால் அளவோடு எடுக்கலாம். அடுத்த முறை கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போது சிறுநீரகப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இனிப்பு நீருக்கு கிளிக்ளசைடோ இன்சுலினோ எடுப்பவரானால், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். ஆடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலில் மரமரப்பு பரவினாலோ, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்து சிறுநீர் போவதில் தடுமாற்றம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது நண்பரை நான் கேலி செய்ய மாட்டேன். இடது கை ஆட்டத்தில் வலது கால் முன் காலாகிவிடும், உங்கள் நல்ல முழங்கால் அந்தச் சுமையை வாங்கும்; கணக்கு சரிதான். பிரபல ஆட்டக்காரர் பில் மிக்கல்சன் மற்ற எல்லா வேலைக்கும் வலது கைக்காரர், கோல்ஃபை மட்டும் இடது கையில் ஆடுகிறார். ஆனால் அவர் குழந்தையாக இருந்தபோது எதிரே நின்ற அப்பாவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்துப் பழகியவர். 57 வயதில் புதிதாகத் தொடங்குபவர் தரையைத்தான் அதிகம் வெட்டுவார், அந்த அதிர்ச்சி முழங்கைக்கும் முதுகுக்கும் போகும். புதிதாக ஒரு செட்டும் வாங்க வேண்டும். எலும்பு மருத்துவர் முழங்காலைப் பார்த்துவிட்டு அந்தக் காலில் முறுக்கே கூடாது என்று சொன்னால் மட்டும் அதை யோசிப்போம். பிசியோதெரபிக்குப் போகும் நாளில் அந்த 7-ஆம் எண் அயனையும் எடுத்துப் போங்கள். வாயால் விளக்குவதைவிட அவர் எதிரில் ஒருமுறை வீசிக் காட்டினால் எந்த மூட்டு மாட்டிக்கொள்கிறது என்று உடனே பிடித்துவிடுவார்.