டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற டைஸ் உருட்டி ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டில் எதிரியின் கவுண்டர்ஸ்பெல்லையே (அடுத்தவர் மந்திரத்தை மறிக்கும் மந்திரம்) நான் கவுண்டர்ஸ்பெல் போட்டுத் தடுக்கலாமா? தள்ளிவிட்ட எதிரியை ஓடும்போது அடிக்கலாமா?

முதலில் உங்களிடம் இருப்பது 2014 விதிப்புத்தகமா 2024 விதிப்புத்தகமா என்று பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்கு இரண்டும் நேர் எதிரான பதிலைத் தருகின்றன, இதைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள்.

உதாரணத்துக்கு, உங்கள் டர்னில் (முறையில்) உங்கள் விசர்ட், அதாவது மந்திரவாதி, ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தைப் போடுகிறான், எதிரி கவுண்டர்ஸ்பெல்லால் அதை மறிக்கிறான். 2014 விதிப்படி உங்கள் ஆள் அந்த கவுண்டர்ஸ்பெல்லைத் தாராளமாக மறிக்கலாம். 'ஒரே டர்னில் இரண்டு மந்திரம் கூடாது' என்று பாதிப் பேர் அடித்துச் சொல்வார்கள், ஆனால் அந்தப் புத்தகத்தில் அப்படியொரு விதியே கிடையாது. போனஸ் ஆக்‌ஷனில் (கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயல்) ஒரு மந்திரம் போட்டால், அதே டர்னில் ஒரு ஆக்‌ஷன் பிடிக்கும் கேன்ட்ரிப்பை (எளிய மந்திரம்) தவிர வேறெதுவும் போட முடியாது, அவ்வளவுதான் இருக்கிறது. ஃபயர்பால் ஆக்‌ஷன், கவுண்டர்ஸ்பெல் அடுத்தவர் செயலுக்கு உடனே பதிலாகச் செய்யும் ரியாக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன் எங்கேயும் வரவில்லையே. ஆனால் அதே ஆள் அந்த டர்னில் மிஸ்டி ஸ்டெப் போட்டு 30 அடி தள்ளிப் போயிருந்தால் கதை மாறிவிடும், அது போனஸ் ஆக்‌ஷன் மந்திரம் என்பதால் டர்ன் முடியும்வரை ஃபயர்பாலும் இல்லை, ரியாக்‌ஷன் சும்மா கிடந்தாலும் கவுண்டர்ஸ்பெல்லும் இல்லை. எதிரியின் டர்ன் வந்ததும் பழையபடி போடலாம். இன்னொன்று, எதிரி தன் கவுண்டர்ஸ்பெல்லை 5ஆம் நிலை ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) போட்டிருந்தால் உங்கள் 3ஆம் நிலை மறிப்பு தானாகப் பலிக்காது. டைஸ் உருட்டி 15 எடுக்க வேண்டும், அதாவது 10உடன் மந்திரத்தின் நிலை.

2024இல் ஒரு டர்னுக்கு ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம், அதனால் உங்கள் சொந்த டர்னில் இந்த வித்தை நடக்காது. மறிக்கப்பட்ட மந்திரத்தின் ஸ்லாட் வீணாகாது என்றும் அதில் இருப்பதால், 'அப்போ ஃபயர்பால் ஸ்லாட் இன்னும் செலவாகவே இல்லையே' என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். நான் டன்ஜன் மாஸ்டராக (ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்) இருந்தால் விடமாட்டேன், மறித்து முடிகிறவரை அந்த ஸ்லாட் பயன்பாட்டில்தான் இருக்கிறது.

இதையெல்லாம்விட எங்களுக்கு அதிகச் சண்டை வருவது தூரத்தில். நாங்கள் இலங்கை ஹட்டனில் போயா (பௌர்ணமி) லீவுகளில் ஆடுகிறவர்கள், மேப் என்பது கட்டம் போட்ட கொப்பிதான், ஒரு கட்டம் 5 அடி. கவுண்டர்ஸ்பெல் 60 அடிக்குள், அதுவும் மந்திரம் போடுகிறவரைக் கண்ணால் பார்த்தால்தான். ஒருமுறை எங்கள் டன்ஜன் மாஸ்டர் பேனை முனையால் பக்கவாட்டில் ஒன்பது, கீழே ஆறு என்று எண்ணி, பதினைந்து கட்டம், 75 அடி, எட்டாது என்றார். விசர்ட் ஆடியவன் பிளேன்டீயை வைத்துவிட்டு, "மூலைக்கு மூலை எண்ணுங்க மச்சான்" என்றான். அவன் சொன்னதுதான் விதி. மூலைவாட்டில் போகும் கட்டமும் 5 அடிதான், ஆக ஒன்பது கட்டம், 45 அடி. (கணித ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது. அவர்களுக்கென்று 5, 10 என்று மாறி மாறி எண்ணும் விருப்ப விதி ஒன்று இருக்கிறது.)

இரண்டாவது கேள்விக்கு இரண்டு புத்தகத்திலும் ஒரே பதில். தண்டர்வேவ் என்ற தள்ளும் மந்திரத்தைப் போட்டுத் தள்ளினால் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவரை அடிக்கும் அடி) கிடைக்காது, எதிரி தானாக நகரவில்லை, தன் நடையையோ ஆக்‌ஷனையோ ரியாக்‌ஷனையோ செலவழிக்கவில்லை. டிஸனன்ட் விஸ்பர்ஸ் மந்திரம் அப்படியில்லை, அதில் சேவ் (தப்பிக்க உருட்டும் டைஸ்) தவறிய எதிரி தன் ரியாக்‌ஷனைச் செலவழித்துத் தன் காலாலேயே ஓடுகிறது. அதனால் பக்கத்தில் நிற்கும் உங்கள் ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு அடி போடலாம், அவரவர் ரியாக்‌ஷன் மிச்சம் இருந்தால். ரோக் (பதுங்கித் தாக்குகிற ஆள்) ஒருவன் நின்றால் இன்னும் நல்லது. அவனுடைய ஸ்னீக் அட்டாக் (கூடுதல் சேதம் தரும் அடி) ரவுண்டுக்கு (எல்லார் டர்னும் ஒருமுறை முடிவது) ஒருமுறை இல்லை, டர்னுக்கு ஒருமுறை, அதனால் தன் டர்னில் ஏற்கனவே போட்டிருந்தாலும், அதன் நிபந்தனை பொருந்தினால் உங்கள் டர்னில் இன்னொன்று விழும். டன்ஜன் மாஸ்டர் முறைப்பார், முறைக்கட்டும்.