சியனா நீரூற்று – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் இத்தாலிப் பயணக் குறிப்பில் சியனா நகரச் சதுக்கத்தின் ‘ஃபோன்ட்டே கையா’ நீரூற்றைப் பற்றி ஒரு பக்கம் உருகி எழுதிவிட்டு, கடைசியில் ‘இப்போது அங்கிருப்பது நகல்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நகலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

நகல்தான். யாகோப்போ டெல்லா குவெர்ச்சா 1419இல் முடித்த சிற்பங்கள் வெயிலிலும் மழையிலும் மூக்கும் முழியும் கரைந்துபோயின. 19ஆம் நூற்றாண்டில் தீத்தோ சரோக்கி செதுக்கியவைதான் இன்று சதுக்கத்தில் நிற்கின்றன. மூலம், அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு பழைய மருத்துவமனைக்குள் இருக்கிறது. இரண்டையும் பார்த்தேன். சரோக்கியுடையது திருத்தமான வேலை, கொஞ்சம் கூடுதலாகவே திருத்தம். மூலத்திலோ, முகம் தேய்ந்த பிறகும் சேலைபோல் விழும் அந்தத் துணிமடிப்பு இன்னும் கனக்கிறது.

ஆனால் ஊர் கொண்டாடியது சிற்பத்தை அல்ல, 1342இல் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்த தண்ணீரை. ‘கையா’ என்றால் களிப்பு. குன்றின்மேல் ஊர், பக்கத்தில் பேர்சொல்ல ஓர் ஆறு கிடையாது. மணற்பாறையைக் குடைந்து, ஆள் நடந்து போகிற உயரத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். ‘பொத்தீனி’ என்று பெயர். பாறையில் கசிகிற நீர் தரையில் வெட்டிய சிறு வாய்க்காலில் சேர்ந்து, லேசான சரிவிலேயே ஊருக்குள் வந்துவிடும். எல்லாம் சேர்த்துச் சுமார் 25 கிலோமீட்டர். ஊருக்கடியில் தியானா என்றொரு ஆறு ஓடுகிறது என்று நம்பி அதையும் தேடினார்கள். கவிஞர் தாந்தே அதைக் கேலி செய்திருக்கிறார்.

அசல் வேண்டும் என்கிறீர்களே, குவெர்ச்சாவுக்கு முன்னால் அந்த நீரூற்றில் ஒரு அசலும் நின்றிருந்தது. மண்ணிலிருந்து கிடைத்த பழைய வீனஸ் சிலை. பண்டைய கிரேக்கச் சிற்பி லிசிப்போஸின் பெயர் பொறித்திருந்ததாகச் சிற்பி கிபெர்ட்டி எழுதிவைத்திருக்கிறார். 1348இல் கொள்ளைநோய். பிறகு ஃபுளோரன்ஸோடு ஓயாத சண்டை. பழி சிலைமேல் விழுந்தது. 1357இல் இறக்கினார்கள். உடைத்து, துண்டுகளை ஃபுளோரன்ஸ் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புதைத்தார்களாம், பீடை அங்கே ஒழியட்டும் என்று. (நமக்குப் புரியாத காரியமா?)

இன்றும் நீரூற்றில் விழுவது அந்தச் சுரங்கத்து நீர்தான். நான் நின்ற மதியம் ஒரு புறா நீரூற்றின் ஓநாய்ச் சிலைத் தலைமேல் வந்து உட்கார்ந்து, கழுத்தைத் தொங்கப்போட்டு, ஓநாயின் வாயிலிருந்து விழும் நீரை நெடுநேரம் குடித்தது. நகல் ஓநாய்தான்.