தந்தி பேசட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிறேன். சொந்தமாகப் பத்துப் பாட்டு இருக்கிறது. என் குரலும் ஒரே ஒரு கிட்டாரும் வைத்து ஆல்பம் போட ஆசை. கூட வாசிப்பவர்கள், “டிரம்ஸ், கீபோர்ட் இல்லாமல் யார் கேட்பார்கள்?” என்கிறார்கள். ஸ்டூடியோவுக்குப் பணமும் இல்லை.
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கேட்பார்கள் மக்களே. 1965-ல் லண்டனில் பெர்ட் ஜான்ஷ் என்ற இளைஞரின் முதல் ஆல்பம் வந்தது. ஆல்பத்தின் பெயரும் அவர் பெயர்தான். நாட்டுப்பாடலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும் கலந்த வாசிப்பு. இன்றுவரை கிட்டார் கற்பவர்கள் அதைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். பதிவு நடந்த காலத்தில் அவருக்குச் சொந்தக் கிட்டார்கூட இல்லை, இரவல் வாங்கித்தான் வாசித்தார். ஸ்டூடியோவும் இல்லை. பில் லீடர் என்ற ஒலிப்பதிவாளரின் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தார்கள்.

அதன் கடைசி உருப்படி ‘ஏஞ்சி’. டேவி கிரஹாம் என்ற கிட்டார் கலைஞர் அமைத்த மெட்டு, வாய்ப்பாட்டு கிடையாது. ஹெட்போன் போட்டுக்கொண்டு முதலில் கட்டைவிரலை மட்டும் கவனி. ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று அது வாசிக்கும் பேஸ், அதாவது அடிக்குரல் ஒலி, படிப்படியாக இறங்கும். இறங்கி முடிந்ததும் மறுபடி மேலே போய் இறங்கும், நிற்கவே நிற்காது. அதன் மேல் மற்ற விரல்கள் மெட்டைப் பிடிக்கும். நடுவில் நாட் ஆடர்லியின் ஜாஸ் மெட்டு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ரெண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று சத்தியம் செய்யத் தோன்றும். உன் கட்டைவிரல் இப்படித் தாளத்தைத் தாங்கினால் டிரம்ஸ் எதற்கு? தாங்கவில்லை என்றால் என்ன சேர்த்தாலும் பாட்டு நிற்காது. ஆல்பத்துக்கு முன் அதைச் சரி செய்.

அப்புறம் பதிவு. கான்கிரீட் வீட்டின் வெற்று அறை எதிரொலிக்கும். மெத்தையும் துணி அலமாரியும் உள்ள அறையாகப் பார். ஃபேனை நிறுத்து. மைக்கை சவுண்ட் ஹோலுக்கு, அதாவது கிட்டாரின் வயிற்றிலுள்ள துளைக்கு, நேரே வைத்தால் ‘கும்’மென்று அடைக்கும். கிட்டார் கழுத்தின் குறுக்குப் பட்டைகளில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை நோக்கி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் தூரத்தில் வை. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் ஷீட் கூரைக்குக் கீழே பதிவு நடக்காது. ஜனவரி, பிப்ரவரியில், ஊரில் மைக் செட் தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் உட்கார். குரலைத் தனியாக, கிட்டாரைத் தனியாகப் பதியாதே. பாடிக்கொண்டே வாசி. ஒரு விரல் நழுவினாலும், பாட்டு ஒரே மூச்சில் உயிரோடு வந்திருந்தால் அதையே வைத்துக்கொள்.

இன்னொன்று. அந்த ஆல்பத்தை ஜான்ஷ் வெறும் 100 பவுண்டுக்கு ரெக்கார்டு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சமபங்கை கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே யாராவது ‘மொத்தமாக எழுதிக் கொடு’ என்று தாளை நீட்டினால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, விவரம் தெரிந்த ஒரு வக்கீலிடமும் காட்டு.

கேள்வி: கிட்டார் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கிறது. வீடு கடலுக்குப் பக்கம்.
– வாசகர், குளச்சல்

பதில்: உப்புக்காற்றும் விரல் வேர்வையும்தான் காரணம். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வையுங்கள். மேற்பூச்சு உள்ள கோட்டட் கம்பி விலை கூடுதல், ஆனால் கடலோரத்தில் அதுதான் லாபம்.

கேள்வி: மகன் எந்நேரமும் ப்ளூஸ், ப்ளூஸ் என்றே கிட்டாரைத் தட்டிக்கொண்டிருக்கிறான். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தடுக்கவா, விடவா?
– ஒரு தந்தை, தக்கலை

பதில்: விடுங்கள் ஐயா. அது அமெரிக்காவில் வயல்காட்டில் வேலை செய்தவர்களின் இசை. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற பாடகர் 1928-ல் சில பாட்டுகளைப் பதிந்தார். அவை விற்கவில்லை. ஊருக்குத் திரும்பி விவசாய வேலை பார்த்தார். ஒரு பாட்டில் தன் ஊரான அவலானின் பெயரைச் சொல்லியிருந்தார். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு 1963-ல் ரசிகர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர் வாசிப்பிலும் கட்டைவிரல்தான் ஆதாரம், அதன் மேல்தான் கதை நடக்கும்.

நம் வில்லுப்பாட்டிலும் புலவர் கதை சொல்லச் சொல்ல, குடம் அடிப்பவர் அடியில் தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார். அடுத்த கோயில் கொடைக்குப் பையனைக் கூட்டிப் போய்க் குடம் அடிப்பவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த அடியை அவன் கட்டைவிரலுக்குக் கொண்டுவரட்டும். வந்ததும் எனக்கு ஒரு பதிவு அனுப்பச் சொல்லுங்கள்.