லாரி வாடகை கேட்டால் ஆர்டர் பக்கம் ஏன் உறைகிறது?

கேள்வி: காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக் கல் விற்கிறோம். லாரி புக்கிங் தளம் ஒன்றிடம் வாடகை கேட்கும்போது மட்டும் எங்கள் ஆர்டர் மென்பொருள் ஐந்து, பத்து விநாடி அசையாமல் நிற்கிறது. மற்ற தளங்களில் தொல்லை இல்லை. அந்தத் தளத்தின் ஐபி எண்ணை (இணையத்தில் அதன் முகவரி எண்ணை) எங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில், அதாவது தளப் பெயருக்கான எண்ணைக் கையால் குறித்துவைக்கும் கோப்பில், எழுதிவிடலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தத் தளம் நாளை வேறு சர்வருக்கு மாறினால், உங்கள் மென்பொருள் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். கோப்பில் எழுதியது அதற்குள் எல்லோருக்கும் மறந்திருக்கும்.

"ஐந்து, பத்து" என்று நீங்கள் குறிப்பிட்டதே நல்ல துப்பு. தளப் பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணைத் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். லினக்ஸ் கணினி, டிஎன்எஸ் பதிலுக்கு இயல்பாக 5 விநாடி காத்திருக்கும். வராவிட்டால் இன்னொரு முறை கேட்கும். ஒரு பெயருக்கு அது கேட்பது இரண்டு: பழைய வகையான ஐபிவி4 எண், புதிய வகையான ஐபிவி6 எண். உங்கள் ஊர்ப் பெரிய வீட்டு முகப்பில் அமர்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையிடம் ஆச்சியின் கைப்பேசி எண்ணும் தொலைபேசி எண்ணும் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி இல்லையென்றால் "அது இல்லை" என்றால் போதும், கைப்பேசியில் பேசிக்கொள்வோம். டிஎன்எஸ்ஸில் அந்தக் கணக்குப்பிள்ளைதான் தளத்தின் நேம் சர்வர். பழுதான நேம் சர்வர் அந்த இரண்டாவது கேள்விக்கு வாயே திறப்பதில்லை. சில சர்வர்கள் இன்னும் மோசம்: "அப்படி ஓர் ஆச்சியே இங்கில்லை" என்று சொல்லிவிடும். அந்தப் பதிலை நம்பினால் நல்ல ஐபிவி4 எண்ணும் கைவிட்டுப் போகும். இந்தக் குறைகள் 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4074 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே பதிவாகியிருக்கின்றன. இன்னும் ஒழியவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் டிக் (dig) கட்டளையால் அந்தத் தளத்தின் நேம் சர்வரிடமே ஏ (ஐபிவி4 எண்), ஏஏஏஏ (ஐபிவி6 எண்) பதிவுகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஏ உடனே வந்து ஏஏஏஏ தொங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஐபிவி6 எண் இல்லாத தளம் என்றால், பிழைக்குறி இல்லாத வெற்றுப் பதில்தான் சரியானது.

அந்த ஒரு தளத்துக்கு மட்டும் ஐபிவி4 எண்ணைக் கேட்கும்படி நிரலை மாற்றுங்கள். தளங்களிடம் தரவு கேட்கும் கர்ல் (curl) கருவியைப் பயன்படுத்தினால் "-4" என்று சேர்த்தால் போதும். கணினி முழுவதும் ஐபிவி6-ஐ அணைக்காதீர்கள், ஒழுங்காக இயங்கும் தளங்களை ஏன் தண்டிக்க வேண்டும்? நிரலை நீங்களே எழுதுபவரானால் 2017-இன் ஆர்எஃப்சி 8305 காட்டும் வழியே எனக்குப் பிடித்தது: இரண்டையும் ஒருசேரக் கேட்பது, ஐபிவி4 முதலில் வந்தால் மற்றதற்கு 50 மில்லிவிநாடி மட்டும் பொறுத்துவிட்டுக் கிளம்புவது. தோல்வியை நினைவில் வைத்தாலும் 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதைவிட முக்கியம், ஆர்டரை முதலில் சேமித்துவிடுங்கள். வாடகை பின்னணியில் வரட்டும். கல் வாங்க வந்தவர் லாரிக்காரரின் சர்வருக்காகக் காத்திருக்கக் கூடாது.

பழுதை உரியவரிடம் சொல்லவும் வேண்டும். அந்தத் தளத்தின் எஸ்ஓஏ (SOA) என்ற டிஎன்எஸ் பதிவில் பொறுப்பாளரின் மின்னஞ்சல் இருக்கும்; அதில் முதல் புள்ளியை "@" என்று மாற்றிப் படியுங்கள். டிக் காட்டிய விவரத்தை அப்படியே ஒட்டி அனுப்புங்கள்.