ஆர்7 வாங்கவா, ஆர்8 வாங்கவா? கேள்வி பதில்

கேனனின் ஆர்7 கேமரா 2022 மே மாதம் அறிமுகமானது. ஆர்8 வந்தது 2023 பிப்ரவரியில். அமெரிக்காவில் இரண்டுக்கும் அறிமுக விலை ஒன்றுதான்: லென்ஸ் இல்லாமல் 1,499 டாலர். ஆர்7 ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் வரிசையில் மேல்படி. ஆர்8 ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சார் வரிசையில் ஆரம்பப் படி. ஒரே காசுக்கு இரண்டு வகுப்பு என்பதால் கேள்விகள் ஓய்வதே இல்லை. பறவையும் கல்யாணமும் நான் தொடர்ந்து எடுப்பவை, அதனால் அவற்றில் நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாக. கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

மதுராந்தகம்: அண்ணா, கேனன் 700டி கேமராவும் 55-250 லென்ஸும் வைத்து வேடந்தாங்கலில் எடுக்கிறேன். இந்தத் தடவை ஃபுல் ஃப்ரேமுக்கே போய்விடலாம் என்று ஆர்8 பார்த்து வைத்திருக்கிறேன். சரிதானே?

அவசரப்படாதீர்கள் தம்பி. உங்கள் 55-250 சிறிய சென்சாருக்காகச் செய்த லென்ஸ். அடாப்டர் போட்டு ஆர்8-இல் மாட்டினால், கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24.2 மெகாபிக்சலில் ஒன்பது சொச்சம்தான் மிஞ்சும். உங்கள் பழைய 700டி-யே 18 மெகாபிக்சல்!

சரி, புது லென்ஸும் சேர்த்தே வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். கேனனின் ஆர்எஃப் 100-400 லென்ஸ், எடை 635 கிராம், நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கலாம். ஏரிக்கரையில் நின்று மரத்தில் இருக்கும் நத்தைகுத்தி நாரையை எடுக்கிறீர்கள். ஆர்8-இல் 400 வைத்தாலும் பறவை சின்னதாகத்தான் விழும். ஆர்7-இல் சென்சார் சிறியது என்பதால் அதே லென்ஸ் 640 மிமீ-க்கான பார்வையைத் தரும். ஆர்8 படத்தை அந்த அளவுக்கு வெட்டினால் மறுபடியும் ஒன்பது மெகாபிக்சல், ஆர்7-இலோ முழு 32.5. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருந்தாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், அதன் வழியே பின்னால் இருக்கும் வானம் தெரியும். அந்த இடைவெளியின் விளிம்பு கூர்மையாக விழுமா, குழைந்துபோகுமா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கும்.

பறக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள், விநாடிக்கு 15 படம் தாராளம். எலெக்ட்ரானிக்கில் 30 கிடைக்கிறதே என்று போனால் இறக்கை வளைந்து வரும். ஆர்7 சென்சார் மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாகப் படித்து முடிக்க ஏறக்குறைய 1/30 விநாடி எடுத்துக்கொள்கிறது, அதற்குள் இறக்கை நகர்ந்துவிடும்.

ஆக, உங்களுக்கு ஆர்7, கூடவே 100-400. காசு முழுவதையும் பாடியில், அதாவது கேமராவில் மட்டும், கொட்டிவிட்டுப் பழைய லென்ஸையே மாட்டாதீர்கள். இதை இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டி வரும்.

திண்டுக்கல்: கல்யாண வேலை ஆரம்பித்திருக்கிறேன். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. ஆர்8-உம் 50 மிமீ எஃப்/1.8 லென்ஸும் போதுமா சார்?

எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் ஆர்8-க்கு ஒரு ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) சற்று மேலான லாபம் உண்டு. நிழலில் நிற்கும் மாப்பிள்ளை முகத்தை ரா (RAW) கோப்பிலிருந்து மீட்டெடுக்கும்போது அது நன்றாகத் தெரியும். ஆனால் ஆர்8-இல் கார்டு ஸ்லாட் ஒன்றுதான். தாலி கட்டும் நேரத்தில் கார்டு பழுதானால் முகூர்த்தத்தை இன்னொரு தடவை வைக்கச் சொல்ல முடியாது. ஆர்7-இல் இரண்டு ஸ்லாட், ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் எழுத வைக்கலாம்.

அடுத்தது பேட்டரி. ஆர்8-இல் இருக்கும் எல்பி-ஈ17 1,040 மில்லி ஆம்பியர் மணி. ஆர்7-இன் எல்பி-ஈ6என்ஹெச் 2,130. முந்தின நாள் ரிசப்ஷனில் ஆரம்பித்து மறுநாள் பந்தி வரை ஆர்8 ஓட வேண்டுமென்றால் பையில் குறைந்தது நான்கு பேட்டரி கேட்கும். ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் ஜாய்ஸ்டிக்கும் ஆர்8-இல் இல்லை. ஆர்8 பாடியில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, 50 லென்ஸிலும் கிடையாது. அது பெரிய குறையில்லை, ஏனென்றால் ஆட்கள் அசையும் இடத்தில் ஷட்டர் வேகத்தில் 1/125 விநாடிக்குக் கீழே நீங்கள் இறங்கவே கூடாது.

இரண்டு கார்டு போடும் கேமரா ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் ஆர்8 அருமையான இரண்டாவது கேமரா. தனி ஆளாக, ஒற்றைக் கேமராவோடு, காசு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சேலம்: இரண்டில் எது பெஸ்ட்?

எதை எடுக்கப் போகிறீர்கள், இப்போது என்ன லென்ஸ் இருக்கிறது என்று எழுதுங்கள். சொல்கிறேன்.

கோவை: எஃப்/1.8 எந்தக் கேமராவில் மாட்டினாலும் எஃப்/1.8தான். லைட் மீட்டர் சென்சார் அளவைக் கேட்பதில்லை. ஆர்8-க்கு ஒரு ஸ்டாப் லாபம் என்று நீங்கள் சொல்வது எப்படி?

லைட் மீட்டர் பற்றிச் சொன்னது சரி. ஒரே ஷட்டர், ஒரே எஃப், ஒரே ஐஎஸ்ஓ (படத்தைப் பிரகாசமாக்கும் அளவு) வைத்தால் இரண்டு படமும் ஒரே பிரகாசத்தில் வரும். ஆனால் ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24 மிமீ, ஆர்7 சென்சார் 22.3க்கு 14.8. பரப்பில் 2.6 மடங்கு வித்தியாசம். சதுர மில்லிமீட்டருக்கு ஒரே அளவு வெளிச்சம் விழும்போது பெரிய சென்சார் மொத்தமாக 2.6 மடங்கு வாங்குகிறது. படத்தை ஒரே அளவில் பார்க்கும்போது இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகளை, தீர்மானிப்பது அந்த மொத்தம்தான்.

லாபம் எப்போதும் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆர்7-இல் 50 மிமீ, எஃப்/1.8, 1/200, ஐஎஸ்ஓ 1600 வைத்து மணப்பெண்ணை எடுங்கள். அதே இடத்தில் நின்று ஆர்8-இல் 85 மிமீ, எஃப்/2.8, 1/200, ஐஎஸ்ஓ 4000. பின்னணி மங்கல் ஏறக்குறைய ஒன்று, இரைச்சலும் அப்படியே. அந்த 85-ஐ எஃப்/2 வரை திறந்து ஐஎஸ்ஓவைப் பாதியாக்கும்போதுதான் ஆர்8 முந்துகிறது.

இப்போது மேடையில் குடும்பப் படம். முன்வரிசையில் தாத்தா பாட்டி நாற்காலியில், பின்வரிசையில் சித்தப்பாக்கள். ஆர்7-இல் எஃப்/4 வைத்தால் இரண்டு வரிசையும் தெளிவு என்றால், அதே தெளிவுக்கு ஆர்8-இல் எஃப்/6.3 வேண்டும், ஐஎஸ்ஓ 1600 போய் 4000 ஆகும். மொத்த வெளிச்சம் சமமாகிவிட்டது, லாபம் போய்விட்டது. மண்டபத்தில் நாம் எடுப்பதில் பாதிக்கு மேல் இந்த மாதிரிக் கூட்டப் படங்கள்தானே? ஃபுல் ஃப்ரேமின் லாபம் வேண்டுமென்றால் அதற்கான லென்ஸுக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

சிங்கப்பூர்: அப்படியென்றால் பறவைக்கும் இதே கணக்குதானே? ஆர்8-உம் ஆர்எஃப் 600 எஃப்/11-உம் உங்கள் ஆர்7 ஜோடியைவிடக் கொஞ்சம் கூடவே வெளிச்சம் வாங்குமே!

நல்ல கேள்வி. வாங்கும். ஆர்7-இல் 400 எஃப்/8 என்பது ஃபுல் ஃப்ரேம் கணக்கில், இரண்டையும் 1.6-ஆல் பெருக்கினால், 640 எஃப்/12.8. எஃப்/11 அதைவிட ஒரு பொடி மேல். எடையும் பெரிய தூரமில்லை: ஆர்7 ஜோடி 1,247 கிராம், ஆர்8 ஜோடி 1,391.

இருந்தும் மதுராந்தகம் தம்பிக்கு ஏன் ஆர்7 சொன்னேன்? 600 எஃப்/11-இல் ஜூமும் இல்லை, எஃப் மாற்றவும் முடியாது. நான்கரை மீட்டருக்குள் எது வந்தாலும் ஃபோகஸ் ஆகாது. 100-400 ஒரு மீட்டருக்குள்ளேயே பிடிக்கும். வேலிக் கம்பியில் பஞ்சுருட்டான் வந்து உட்காரும், அதற்கு 400. காலடியில் தட்டான் உட்காரும், அதற்கு 200. ஒரே லென்ஸில் இரண்டும் ஆகிவிடும். ஆர்எஃப் 200-800 வாங்கினால் ஜூம் கிடைக்கும், ஆனால் லென்ஸ் மட்டுமே 2 கிலோவுக்கு மேல்.

கோவை: கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காரணம் பெரிய பிக்சல்தான் என்பேன். ஆர்8 பிக்சல் 6 மைக்ரான், ஆர்7 3.2 மைக்ரான்.

பிக்சலைத் தனியாக 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இரண்டு படத்தையும் ஒரே ஆல்பம் பக்கத்தில் அச்சிட்டுப் பாருங்கள். சின்னப் பிக்சல்கள் பல சேர்ந்து ஒரு புள்ளிக்கு வேலை செய்யும். தீர்மானிப்பது சென்சார் பரப்புதான், அதில் நான் மாற மாட்டேன். இத்தோடு இந்த வாதத்தை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: பட்ஜெட் ஒன்றரை லட்சம். எது வாங்கலாம்?

சேலத்துக்குச் சொன்னதே. எதை எடுக்கப் போகிறீர்கள்?

வேலூர்: ஃபுல் ஃப்ரேம் வாங்கிவிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டாம் என்கிறார்களே? எதிர்காலத்துக்கு எது நல்லது?

மூன்றாவது தடவை. ஃபுல் ஃப்ரேம் என்பது பதவி உயர்வு அல்ல. ஆர்8-உடன் வரும் 24-50 எஃப்/4.5-6.3 லென்ஸையே கடைசிவரை மாட்டிக்கொண்டிருந்தால், ஆர்7-இல் சிக்மா 18-50 எஃப்/2.8 மாட்டியவர் உங்களைவிட நல்ல படம் எடுப்பார். லென்ஸுக்குக் காசு வையுங்கள், லென்ஸுக்கு!

மயிலாப்பூர்: மார்கழி சீசனில் சபாக்களில் பரதநாட்டியம் எடுக்கிறேன். ஷட்டர் சத்தம் வந்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கிறது.

உங்களுக்கு ஆர்8, தயங்காமல். ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஆர்7 படிக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆர்8 எடுத்துக்கொள்கிறது. சுழலும் கை அவ்வளவாக வளையாது. ஆனால் எல்ஈடி விளக்கில் குறுக்கே பட்டைகள் விழலாம். ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், அதற்கும் போகவில்லையென்றால் மிருதங்கம் ஓங்கும் இடங்களில் மட்டும் சாதாரண ஷட்டர். லென்ஸாக 85 எஃப்/2 வாங்குங்கள்.

திருச்சி: பில் இல்லாமல் பத்தாயிரம் குறைவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பில்லும் இந்திய வாரண்டியும் இல்லாத கேமராவை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

நாகப்பட்டினம்: கடலோரம் வீடு. பழைய லென்ஸில் பூஞ்சை வந்துவிட்டது.

கேமரா விஷயத்தில் எது வாங்கினாலும் சரி. முதலில் ஈரப்பதத்தைக் குறைக்கும் டிரை கேபினெட் அலமாரி வாங்குங்கள், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதுவரை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையில் மட்டும் வைக்காதீர்கள். பூஞ்சை வந்த லென்ஸைப் புதியதோடு சேர்த்து வைப்பதும் கூடாது.

கரூர்: குறும்படம் எடுக்க எது?

வீடியோ எடுப்பவர்களைக் கேளுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: விநாடிக்கு 60 ஃப்ரேம் 4கே வீடியோவில் ஆர்8 சென்சாரின் முழு அகலத்தையும் 6கே-யிலிருந்து சுருக்கித் தருகிறது. ஆர்7 அதே வேகத்தில் தரத்தைக் குறைக்கும், இல்லையென்றால் ஓரத்தை வெட்டும்.

விருதுநகர்: ஆர்7 என்று முடிவு செய்துவிட்டேன் அண்ணா. கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சொந்த கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியைப் பிரித்ததும் கேமராவில் இருக்கும் சீரியல் எண், பெட்டி, பில் மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். லென்ஸை எஃப்/16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் தூசி இருப்பது தெரியும். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டைப் போட்டு எழுதுகிறதா பாருங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.