பதில்: மாதம் 300 வெள்ளி, எந்த புரோக்கர்?

வணக்கம் தம்பி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு மாதம் 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) பங்கு வாங்க ஈப்போ ரெமிசியரா (கமிஷனுக்குப் பங்கு வாங்கி விற்றுத் தரும் புரோக்கர் நிறுவன முகவர்), போன் ஆப்பா, வாட்ஸ்அப்பில் வந்த ஏஜென்ட்டா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏஜென்ட்டை இப்போதே விட்டுவிடுங்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அது மோசடிதான். எந்த புரோக்கரானாலும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷன் தளத்தில் உரிமம் இருக்கிறதா, எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது குறைந்தபட்சக் கமிஷன், அதாவது எவ்வளவு சின்னத் தொகைக்கு வாங்கினாலும் விற்றாலும் புரோக்கர் ஒவ்வொரு தடவையும் பிடிக்கும் கட்டணம். சதவீதத்தை நம்பாதீர்கள், சின்னத் தொகையை அடிப்பது இதுதான். ரெமிசியர் வழி குறைந்தது 40 வெள்ளி என்றால் வாங்க 40, விற்க 40. அந்த 300 வெள்ளிப் பங்கு கால்வாசிக்கு மேல் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். ஆப்பில் 8 வெள்ளி என்றாலும் இரண்டு பக்கமும் 16. அதனால் மூன்று மாதம் சேர்த்து 900 வெள்ளிக்கு ஒரே தடவையாக வாங்குங்கள். பங்கை 100 கொண்ட லாட்டாக வாங்க வேண்டும் என்பதால், ஒரு பங்கு 9 வெள்ளி என்றால் 900 வெள்ளிக்கு ஒரு லாட்தான் கிடைக்கும். முத்திரை வரி ஆயிரத்துக்கு 1 வெள்ளி, கிளியரிங் கட்டணம் (பங்கையும் பணத்தையும் கைமாற்றித் தருவதற்கானது) 0.03 சதவீதம், இவை பெரிய பாரமில்லை.

நாமினி கணக்கு மலிவாக இருக்கும், ஆனால் பங்கு உங்கள் பெயரில் இல்லாமல் புரோக்கரின் நாமினி நிறுவனத்தின் பெயரில் நிற்கும். லாப ஈவு அவர்கள் வழியாகத்தான் வரும், சிலர் அதற்கும் கட்டணம் பிடிப்பார்கள். நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு பங்கு சொந்தப் பெயரிலேயே நிற்கும் நேரடி சிடிஎஸ் கணக்கே நல்லது. ஈவு நேராக உங்கள் வங்கிக்கு வரும்.

மார்ஜின் கணக்கு (கடன் வாங்கிப் பங்கு வாங்கும் கணக்கு) கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.